எண்ணெய் டேங்கின் வெளிப்புறத்தைக் கழுவுவது எப்படி: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

எண்ணூர், மணலி, தூத்துக்குடி என்று கடலோரம் நிற்கும் எந்தச் சேமிப்பு டேங்கையும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போய்ப் பாருங்கள். வெயில் படாத வடக்கு முகத்தில் பாசி கறுத்துப் படர்ந்திருக்கும். படிக்கட்டுத் தாங்கிகளுக்குக் கீழே துரு கோடு கோடாக வழிந்திருக்கும். நிலக்கரி இறக்கும் துறைமுகம் பக்கத்தில் இருந்தால் கூரை விளிம்பிலிருந்து கரித்தூள் தாரை தாரையாக இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உப்பு இவை எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கழுவுவது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். புது வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் 17 விழுக்காட்டைத்தான் உள்ளே வாங்கும். அதே பூச்சு பழசாகி அழுக்கேறினால் 34 விழுக்காட்டை வாங்கும். ஆவி இழப்பைக் கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் எண்கள் இவை. பெட்ரோல் டேங்க் என்றால் கூடுதலாக வாங்கும் வெப்பம் ஆவி இழப்பைக் கூட்டிவிடும். அதோடு, அழுக்குக்குக் கீழே பூச்சு கொப்பளித்திருப்பதும் தகடு அரித்திருப்பதும் கழுவினால்தான் தெரியவரும்.

கணக்குக்கு ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். விட்டம் 20 மீட்டர், உயரம் 12 மீட்டர், உள்ளே டீசல், கூம்புக் கூரை, ஓட்டத்தில் இருக்கும் டேங்க். ஷெல் (சுற்றுச்சுவர்) பரப்பு சுமார் 750 சதுர மீட்டர், கூரை 315. கீழே சொல்வதெல்லாம் இந்த டேங்கை வைத்துத்தான்.

முதல் நாள் தண்ணீர் வேண்டாம்

முதல் நாள் டேங்கைச் சுற்றி நடப்பதற்கு. கையில் சாக்பீஸும் கறுப்புத் துணியும் இருந்தால் போதும். துணியால் பூச்சை அழுத்தித் துடையுங்கள். வெள்ளை மாவாக ஒட்டினால் பூச்சு மாவு பூத்துவிட்டது, அதன்மேல் அதிக அழுத்தம் கூடாது. துணி சுத்தமாக வந்தால் பூச்சு இன்னும் கெட்டியாக இருக்கிறது. வெள்ளி நிற அலுமினியப் பூச்சு என்றால் காரம் கலந்த எந்தச் சோப்பும் அதை மங்க அடித்துவிடும். எந்தக் காலத்தில் என்ன பெயிண்ட் அடித்தார்கள் என்று பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள். பழைய டேங்குகளில் அடியில் ரெட் லெட் பிரைமர் என்ற ஈயம் கலந்த அடிப்பூச்சு இருக்கலாம். அப்படியானால் உதிரும் செதில் ஈயக் கழிவாகிவிடும், அதைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கொப்பளங்களைக் குத்திப் பார்க்காதீர்கள். சாக்பீஸால் வட்டம் போட்டு, ஆய்வுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். இதைவிட முக்கியம், தடித்த துருப்படலம். அடித்தகட்டு ஓரத்திலோ முதல் வரிசைத் தகட்டிலோ துரு அடுக்கடுக்காக ஏறியிருந்தால் அதைச் சுரண்டவோ அழுத்தத் தண்ணீர் ஜெட்டால் அடிக்கவோ கூடாது. சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான். மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும்.

கூரைக்கும் இதே எச்சரிக்கை. கூரைத் தகடு போடும்போதே 5 மில்லிமீட்டர்தான். அதன் அடிப்புறத்தை உள்ளே இருக்கும் ஆவியும் ஈரமும் தின்றுகொண்டே இருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் கனம் பாதிகூட இருக்காது. கன அளவு அறிக்கை கைக்கு வராமல் கூரையில் ஏறாதீர்கள். வந்த பிறகும் தாங்கு சட்டம் ஓடும் தடத்தில் பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

டேங்க் மூச்சு விடும் இடம்

புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறுதான். ‘டீசலுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாதே’ என்று கூரையில் இருக்கும் பிரீதர் வால்வை (காற்று போய்வரும் வால்வு) பாலித்தீன் சுற்றி டேப் போட்டு இறுக்கிவிடுவார்கள்.

டேங்க் ஓயாமல் மூச்சு விடுகிறது. எண்ணெய் உள்ளே வந்தால் காற்று வெளியே போகும், எண்ணெய் வெளியே போனால் காற்று உள்ளே வரும். உச்சி வெயிலில் காய்ந்த தகட்டின்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் ஆவி சுருங்கும், அப்போதும் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழியை அடைத்தால் உள்ளே வெற்றழுத்தம் உருவாகிவிடும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 650 தரநிலைப்படி கட்டிய சாதாரண டேங்க் தாங்குவது சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர் உயர அளவு வெற்றழுத்தம். விரல் அகலம் ஒன்றரை. அது ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ, நம் டேங்கின் கூரை முழுவதற்கும் ஏறத்தாழ 8 டன். ஒரு பாலித்தீன் பையால் டேங்க் காலி தகர டப்பா மாதிரி நசுங்கிப்போகும்.

ஆகவே பிரீதர் வால்வு, திறந்த வென்ட் (காற்றுப்போக்கி), அவசர வென்ட் மூன்றையும் மூடாதீர்கள். அவற்றைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்துக்கு ஜெட் போகாது, ஈரத் துணியும் கைப்பிரஷும்தான். வேலை நடக்கும் நேரத்தில் டேங்க் எண்ணெய் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. வாங்கும்போது ஆவி உங்கள் முகத்துக்கு வரும், கொடுக்கும்போது உள்ளே ஏற்கெனவே இழுவை இருக்கும். ‘டேங்க் அசையாமல் இருக்கிறதா’ என்று கட்டுப்பாட்டு அறையில் தினமும் காலையில் கேட்டு, பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) எழுதி வாங்குங்கள்.

கூரை ஓரத்தில் ஷெல்லோடு ஒட்டி நிற்கும் ஃபோம் சேம்பரையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதற்குள் ஒரு மெல்லிய கண்ணாடித் தடுப்பு உண்டு. தீப்பிடித்தால் நுரை அதை உடைத்துக்கொண்டு உள்ளே போகும், மற்ற நாளில் ஆவி வெளியே வராமல் அது தடுத்து வைத்திருக்கும். ஜெட் உள்ளே போய் அந்தக் கண்ணாடி உடைந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது, ஆவி மட்டும் கசிந்துகொண்டே இருக்கும்.

மூட வேண்டியவை வேறு: லெவல் கேஜ், வெப்பமானி, ஜங்ஷன் பாக்ஸ், மோட்டார் வால்வு, மிக்சர் மோட்டார், பெயர்ப் பலகை. இவற்றுக்கு பாலித்தீன் சுற்றி, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் எழுதி, பட்டியலைப் பெர்மிட்டோடு பின் செய்துவிடுங்கள்.

பெர்மிட், பம்ப், இடம்

எண்ணெய் நிறுவனங்களில் பெர்மிட் முறைக்கு அடிப்படை எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தரநிலையான ஓஐஎஸ்டி 105. வெறும் தண்ணீர் வேலை என்றால் கோல்டு பெர்மிட் போதும். ஆனால் டைக் சுவருக்குள் (சிந்தும் எண்ணெயைத் தடுக்க டேங்கைச் சுற்றிக் கட்டிய சுவர்) எஞ்சினோ சாதாரண மின்மோட்டாரோ வந்தால் அது ஹாட் வேலையாகிவிடும், அதாவது தீப்பொறி எழக்கூடிய வேலை. சிக்கல் வேண்டாம் என்றால் பம்பை டைக்குக்கு வெளியே, ஆவி காற்றோடு வராத பக்கமாக வையுங்கள். ஹோஸை மட்டும் சுவர்மேல் ஏற்றிக் கொண்டுபோங்கள். டீசல் எஞ்சின் பம்ப், சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர். பெட்ரோல் எஞ்சின் வாஷரை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் கன்னின் உலோகப் பகுதியை டேங்கின் எர்த்தோடு ஒயர் போட்டு இணையுங்கள். கேஸ் டெஸ்ட் காலையில் ஒன்று, சாப்பிட்டு வந்த பிறகு ஒன்று. கச்சா எண்ணெய், ஃபர்னஸ் ஆயில் டேங்க் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் பார்க்க வேண்டும். கைப்பேசி கேட்டிலேயே தங்கிவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி பெற்ற கேமரா கேளுங்கள்.

உயரத்துக்குப் போக மூன்று வழி. தரையில் நின்றபடி நீட்டுக்கம்பு லான்ஸ் வைத்து 6 மீட்டர் வரை அடிக்கலாம். அதற்கு மேல் சாரம் அல்லது பூம் லிஃப்ட். டைக்குக்குள் மண் தரை இளகியிருந்தால் பூம் லிஃப்ட் சாயும், அங்கே சாரம்தான் சரி. கயிற்றில் தொங்கிச் செய்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்களுக்கு வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று என்று தனித்தனி இரண்டு நங்கூரம் தேவை. கூரைக் கைப்பிடிக் கம்பி நங்கூரம் ஆகாது. ஹார்னஸ் கொக்கியை அதில் மாட்டுவதும் மாட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். ஏணியில் நின்று கன் பிடிக்கவே கூடாது: 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் அடிக்கும் கன் உங்களை ஏறக்குறைய நாலரை கிலோ விசையில் பின்னால் தள்ளும். 500 பார், 30 லிட்டர் என்றால் அந்த விசை 16 கிலோ.

காற்றையும் பாருங்கள். தூத்துக்குடிப் பக்கம் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அந்த மாதத்தில் இந்த வேலையை வைக்காதீர்கள். தை பிறந்து பங்குனி வரை தோது. மழை பாசியை வளர்த்து முடித்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

தண்ணீர்

கடலோரத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிறோம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், 500க்குக் கீழ் இருந்தால் நல்லது. முன்நனைப்புக்கு வேண்டுமானால் சற்று மட்டமான தண்ணீர் இருக்கலாம், கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

‘டேங்கைச் சுற்றி கூலிங் ஸ்பிரே வளையம் இருக்கிறதே, திறந்துவிட்டால் வேலை முடிந்தது’ என்று யாராவது சொல்வார்கள். அந்த வளையம் எரியும் டேங்குக்கு, சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் அமைத்தது. பத்து நிமிடம் திறந்தால் 22,000 லிட்டருக்கு மேல் டைக்கில் நிற்கும். காய்ந்த டேங்க் ஒரே நேரத்தில் குளிர்ந்து மூச்சை இழுக்கும். சில துறைமுகங்களில் தீயணைப்புக் குழாயில் வருவது கடல் தண்ணீர், அது தெரியாமல் திறந்தால் மொத்த வேலையும் வீண்.

கன்னால் அடிக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லும் கூரையும் சேர்ந்து 27 மணி நேரம், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் சுமார் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டு. நனைப்பதற்கும் சோப்பை அலசுவதற்கும் மூன்றாவது லாரி. ஒரே கன், உருப்படியான வேலை நேரம் நாளுக்கு ஆறு மணி என்றால் ஐந்து நாள் ஆகும். மூன்று நாளில் முடிப்பதாக எழுதிக் கொடுப்பவர் அழுத்தத்தைக் கூட்டப் போகிறார் என்று அர்த்தம்.

எவ்வளவு அழுத்தம்

இந்தத் துறையில் 5,000 பிஎஸ்ஐ வரை, அதாவது ஏறத்தாழ 340 பார் வரை ‘குறைந்த அழுத்தம்’ என்றே பெயர். அது பெயிண்ட் அடிக்கும் முன் பரப்பைத் தயார் செய்பவர்களின் கணக்கு, அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இருக்கும் பூச்சைக் காப்பாற்றிக்கொண்டு கழுவ கெட்டிப் பூச்சுக்கு 100 முதல் 150 பார், மாவு பூத்ததற்கு 60 முதல் 80 பார். நாசில் நிறத்தில் தெரியும்: வெள்ளை 40 பாகை, பச்சை 25, மஞ்சள் 15, சிவப்பு 0. வெள்ளையில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் பச்சை. சிவப்பைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டாம், ஒரே கோட்டில் பெயிண்டைப் பட்டையாக உரித்துவிடும்.

நாசிலைத் தகட்டிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் வெள்ளை நாசில் சுமார் 22 சென்டிமீட்டர் அகலத்துக்கு விசிறும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். நேர்க்கோணத்தில் குத்தாமல் சற்றுச் சாய்த்து, மேலிருந்து கீழாக. அழுக்கு போகவில்லை என்றால் கிட்டே கொண்டுபோகத் தோன்றும். கொண்டுபோகாதீர்கள், சோப்பு ஊற இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஜெட் கையிலோ காலிலோ பட்டுத் தோலுக்குள் இறங்கிவிட்டால் வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே அழுக்குத் தண்ணீரும் ரசாயனமும் தசைவரை போயிருக்கும். பிளாஸ்டர் ஒட்டி விட்டுவிடாமல், எத்தனை பார், என்ன ரசாயனம் என்று எழுதிய அட்டையோடு உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கழுவும் முறை

நிழலைத் துரத்திக்கொண்டே போவதுதான் வித்தை. காலையில் மேற்கு முகம், பிற்பகலில் கிழக்கு முகம். காய்ந்த தகட்டில் போட்ட சோப்பு இரண்டு நிமிடத்தில் உலர்ந்து, அழுக்கைவிடப் பிடிவாதமான கறையாகிவிடும்.

1. முதலில் கண்ணில் படாத ஓரத்தில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சோதனைப் பட்டை. வெறும் தண்ணீர், 2 விழுக்காடு சோப்புக் கரைசல், பிறகு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பான்) என்று வரிசையாக. எதில் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். மறுநாள் காய்ந்த பிறகு பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், ஈரத்தில் எல்லாமே வெளுப்பாகத்தான் தெரியும்.

2. கூரையை முதலில் முடியுங்கள். பறவை எச்சத்தை நனைத்து ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூள் மூச்சில் ஏறும், முகமூடி கட்டாயம்.

3. ஷெல்லில் சுமார் 6 மீட்டர் அகலப் பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் டேங்குக்குப் பத்துப் பட்டை வரும். ஒரு பட்டையை முழுக்க நனைத்து, சோப்புக் கரைசலைக் கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். மேலிருந்து தெளித்தால் கரைசல் அழுக்கு வழியாக ஓடிய தடமெல்லாம் வரிவரியாக வெளுத்துப் பதிந்துவிடும். சதுர மீட்டருக்கு 200 மில்லி போதும். பத்து நிமிடம் ஊறட்டும், உலர விடக் கூடாது. மென் பிரஷ் ஓட்டி, மேலிருந்து கீழாக அலசுங்கள்.

4. பாசி, பூஞ்சை போகாத இடத்துக்கு மட்டும் ஹைப்போ. கேனில் 10 விழுக்காடு என்றால் 1 லிட்டருக்கு 9 லிட்டர் தண்ணீர். ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும், கடையில் மூன்று மாதம் கிடந்த கேனை நம்பாதீர்கள். பத்து நிமிடம் வைத்து, தாராளமாக அலசிவிடுங்கள்.

எத்தனால் டேங்கைச் சுற்றிப் புகைக்கரி பூசியதுபோல் கறுப்பு படிந்திருந்தால் அது கரி இல்லை, சாராய ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை. பிரான்சில் கோன்யாக் சரக்கு கிடங்குகளின் சுவர்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார்கள். கழுவினால் போகும், ஆவி கசியும் வரை திரும்பவும் வரும்.

ஹைப்போவும் அமிலமும் ஒரே டைக்குக்குள் இருக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமில டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால் ஹைப்போவை மறந்துவிட்டு, சோப்பும் பிரஷும் வைத்துச் சமாளியுங்கள். துருப்பிடிக்காத எஃகிலும் ஹைப்போ படக் கூடாது, குளோரைடு அதைக் குழி குழியாக அரிக்கும்.

எண்ணெய் அளவெடுக்கும் வாயைச் சுற்றி வழிந்த பிசுக்குக்கு 1க்கு 10 கலந்த டிகிரீசர். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம். தீ அபாயம் ஒரு பக்கம், துடைத்த இடத்தில் பிசுபிசுப்பு நின்று ஒரே வாரத்தில் தூசி அப்பிக்கொள்வது இன்னொரு பக்கம்.

துருக்கறை வேறு, துரு வேறு. படிக்கட்டு போல்ட்டிலிருந்து வழிந்து நல்ல பூச்சின்மேல் படிந்தது கறை. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்து, பஞ்சால் ஒற்றி, பத்து நிமிடம் கழித்து அலசினால் போய்விடும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அதற்குமுன் அந்த இடத்தில் ஹைப்போ போட்டிருந்தால் ஒரு நாள் இடைவெளியும் நல்ல அலசலும் வேண்டும். போல்ட்டை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்கு அதே கோடு. மியூரியாட்டிக் ஆசிட் பக்கமே போகாதீர்கள், கறையோடு கைப்பிடிக் கம்பியின் துத்தநாகப் பூச்சும் போய்விடும்.

அடித்தகட்டு ஓரம்

ஷெல் முடிந்து தரையைத் தொடும் இடத்தில் அடித்தகடு நாலு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் அஸ்திவாரத்துக்கும் இடையே தார் பூசி அடைத்திருப்பார்கள். குனிந்து பாருங்கள், பல டேங்குகளில் அந்தத் தார் வெடித்து, பிளவில் புல்கூட முளைத்திருக்கும். ஜெட்டை அங்கே நீட்டினால் தண்ணீர் அடித்தகட்டுக்குக் கீழே புகுந்து, வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். அடித்தகடு கீழிருந்து அரிப்பதை யாராலும் பார்க்க முடியாது, எண்ணெய் மண்ணில் இறங்கிய பிறகுதான் தெரியும். கடைசி 30 சென்டிமீட்டரைக் கையால் கழுவி, வெடிப்பு எத்தனை மீட்டர் நீளம் என்று அளந்து குறித்துக் கொடுங்கள்.

தார், ஃபர்னஸ் ஆயில் டேங்குகள் சூடாக இருக்கும். மேலே காப்புப் பஞ்சு, அதன்மேல் அலுமினியத் தகடு. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று கீழ்நோக்கி ஏறி நிற்கும். ஜெட்டைக் கீழிருந்து மேலாக அடித்தால் இணைப்பு வழியே தண்ணீர் பஞ்சுக்குள் போய், வெதுவெதுப்பில் தகட்டை வருடக்கணக்கில் தின்னும். அங்கே தோட்டக் குழாய் அழுத்தம், கீழ்நோக்கி மட்டும், காரமில்லாச் சோப்பு. மிதக்கும் கூரை டேங்க் என்றால் கழுவிய தண்ணீரைக் கூரைமேல் விழவிடக் கூடாது. கூரை தாழ்ந்திருக்கும்போது அதன்மேல் இறங்குவது மூடிய இடத்து வேலை, அதற்குத் தனிப் பெர்மிட்.

கழிவுத் தண்ணீரும் கணக்கு முடிப்பும்

டைக் வடிகால் வால்வு பூட்டியே இருக்கட்டும். தண்ணீர் போகும் குழியின் வாயில் இரண்டு மடிப்புக் கோணிச்சாக்கு கட்டினால் பெயிண்ட் செதில் அதில் நிற்கும். குழியில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய்க் கழிவுநீர் லைனுக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ பம்ப் செய்யுங்கள். மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு குடம்கூடப் போகக் கூடாது. ஹைப்போ போட்ட நாளில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குளோரின் அங்கிருக்கும் நுண்ணுயிரைக் கொன்றால் அவர்களுக்கு ஒரு வாரம் வேலை கெடும். டைக்கில் தேங்கியதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். டேங்க் உடைந்தால் எண்ணெயைத் தாங்கத்தான் அந்த இடம் இருக்கிறது.

காய்ந்த மறுநாள் காலை வெயிலில் டேங்கைச் சுற்றி வாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் விட்டுப்போன வரியும் புதிய கொப்பளமும் தெரியும். சாக்பீஸ் வட்டங்களைப் பெயிண்ட் மார்க்கரால் மீண்டும் போட்டு, பட்டை எண்ணோடு குறியுங்கள். கூரையில் ஏறி பிரீதர் வால்வின் வலையில் செதிலோ நாரோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாலித்தீன் உறைகளை எண் வாரியாகப் பிரியுங்கள். கட்டியது 14 என்றால் கையில் 14 இருக்க வேண்டும். 13 இருந்தால் பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், மீதி ஒன்று எங்கே என்று முதலில் தேடுங்கள்.